நாய்க்குக் கட்டணம் வாங்குங்கள், ஆனால் எதற்கென்று சொல்லி வாங்குங்கள்

முகாம் தளங்களை நடத்துவோருக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நாய் ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு இவ்வளவு என்று பல தளங்களின் கட்டணப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. நாயோடு வந்து கூடாரமடித்துத் தங்குகிறவர்கள் நாங்கள். கட்டணமே கூடாது என்பது எங்கள் வாதமல்ல. நாயால் தளத்துக்குச் செலவு உண்டுதான். அது எங்கே விழுகிறது என்று பாராமல் வசூலிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

தளத்தின் கேபின்களில், அதாவது வாடகைக்கு விடும் சிறு அறை வீடுகளில், செலவு நிஜமானது. முடி மெத்தையிலும் சோபாவிலும் ஒட்டிக்கொள்ளும். தோல் பொடுகில் உள்ள ஒவ்வாமைப் பொருள் துணி இருக்கைகளில் மாதக்கணக்கில் தங்கும். தெள்ளுப்பூச்சி இன்னும் மோசம். அதன் கூட்டுப்புழு கம்பளத்துக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் சூடும் பட்டதும் பூச்சியாக வெளியே வரும். நாயே வளர்க்காத குடும்பம் வந்த அன்றே கடிபடுவது இதனால்தான். விரிப்புகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும். கம்பளத்தையும் இருக்கை இடுக்குகளையும் வேக்குவம் பிடித்து, தூசிப் பையை உடனே கட்டி வெளியேற்ற வேண்டும். இந்த வேலை விருந்தினர் கிளம்பும் நாளில் ஒரே ஒரு முறை வருகிறது. அவர் ஓர் இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் வேலை ஏறக்குறைய அதேதான். ஆகவே கேபினில் தங்கலுக்கு ஒருமுறை வாங்குங்கள், இரவுக்கு இரவு வேண்டாம். கம்பளமும் துணி சோபாவும் இல்லாத, ஓடு அல்லது வினைல் தரை போட்ட இரண்டு மூன்று கேபின்களை நாய்களுக்கென்றே ஒதுக்கிவிட்டால் அந்தச் செலவும் பெருமளவு குறையும்.

கூடார இடத்தின் கணக்கு வேறு. கூடாரம் எங்களுடையது, மெத்தை எங்களுடையது, முடியும் எங்களோடே போய்விடும். தளத்துக்கு மிஞ்சுவது மலம், புல், குழாயடி, பக்கத்துக் கூடாரத்தாரின் தூக்கம்.

மலத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். நடுத்தர அளவு நாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் கழிக்கும். இருபது நாய்கள் தங்கினால் 6 கிலோ. நாய்க் குடற்புழுவின் முட்டைகள் புது மலத்தில் தொற்றும் நிலையில் இருப்பதில்லை. மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே அந்த நிலையை அடையும், பிறகு ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருக்கும். அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து அங்கேயே அறுபடுகிறது. விட்டுவிட்டால் குழந்தைகள் விளையாடும் மண்ணில் கலந்துவிடுகிறது. இதற்கு வேண்டியது மூடியுள்ள தொட்டியும் பைச் சுருளும், நாய் நடக்கும் பாதையில். பல தளங்கள் தொட்டியை வரவேற்பறை வாசலில் வைக்கின்றன. அங்கே எந்த நாயும் போவதில்லை. கூடார வரிசை முடிந்து நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒன்றும், பாதை திரும்பிவரும் இடத்தில் ஒன்றும் வையுங்கள். வெயில் காலத்தில் தினமும் காலி செய்யுங்கள். ‘மட்கும் பை’ என்று எழுதியிருப்பதை நம்பித் தோட்ட உரக்குழியில் போட வேண்டாம். அந்தக் குழியில் எழும் சூடு பையை மட்கவைக்கவும் போதாது, முட்டைகளைக் கொல்லவும் போதாது.

புல் கருகுவது சிறுநீரின் நைட்ரஜனால். உடனே தண்ணீர் ஊற்றினால் தப்பிக்கும். குழாயடியில் ஒரு தாழ்ந்த குழாயும், வடிகால் வாயில் முடியைப் பிடிக்கும் வலையும் இருந்தால் போதும். இல்லையென்றால் சேறு படிந்த நாயை ராத்திரியில் யாராவது மனிதர் குளியலறைக்குள்தான் கொண்டுபோவார்கள், அடைப்பை எடுப்பது உங்கள் ஆட்கள்தான்.

கட்டும் கயிற்றின் கணக்கைப் பலரும் போடுவதில்லை. 3 மீட்டர் கயிற்றில் நாய்க்குக் கிடைப்பது 28 சதுர மீட்டர் வட்டம். 5 மீட்டர் என்றால் ஏறக்குறைய 79. பத்துக்குப் பத்து மீட்டர் இடத்தின் நடுவில் 5 மீட்டர் கயிறு கட்டினால் வட்டம் நான்கு எல்லையையும் தொடும். கழிப்பறைக்குப் போகிறவர்மேல் நாய் பாய்வது பெரும்பாலும் இப்படித்தான். நாயைக் கட்ட மண்ணில் திருகி இறக்கும் முளை மணலிலும் ஈர மண்ணிலும் பெயர்ந்து வந்துவிடும். நாய்க்கென ஒதுக்கும் இடங்களில், பாதையிலிருந்தும் அடுப்பு மேடையிலிருந்தும் 4 மீட்டராவது தள்ளி, வளையம் பொருத்திய கம்பம் ஒன்றை ஆழமாக நட்டுக் கொடுங்கள். எங்கள் கட்டணம் இதற்குப் போகிறது என்றால் சந்தோஷமாகக் கொடுப்போம்.

இன்னொரு சிக்கல் விதிகளிலேயே இருக்கிறது. நாயைத் தனியே விடக்கூடாது என்கிறீர்கள், கழிப்பறைக்குள்ளும் கொண்டுவரக்கூடாது என்கிறீர்கள். தனியாக வந்தவர் என்ன செய்வார்? காருக்குள் பூட்டுவார். வெளியே 24 டிகிரியாக இருக்கும் நாளில் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 34, அரை மணியில் 43 டிகிரி ஆகிவிடும். குளியலறைக் கட்டடத்தின் நிழல் பக்கச் சுவரில் இரண்டு வளையங்களும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் போதும்.

இரவுக் கட்டணத்தில் இன்னொரு கேடும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சிறு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காசு கொடுத்தாயிற்று என்றதும் கூச்சம் போய்விடுகிறது. ‘அதற்குத்தானே கட்டினேன்’ என்று மலத்தை அள்ளக் குனியாமல் போகிறவர்களை நாய்க் கட்டணமும் உண்டாக்கும்.

ஆகவே கூடார இடங்களில் இரவுக் கட்டணத்துக்குப் பதிலாகத் திருப்பித் தரும் முன்பணம் வாங்குங்கள். வந்ததும் இடத்தைப் படமெடுத்து வைத்து, கிளம்பும்போது தோண்டிய குழி, விட்டுப்போன மலம், கடித்த மின்கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை. ஐந்து நாயோடு வருகிறவரிடம் கூடுதலாக வாங்குங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்கும் மற்ற உதவி நாய்களுக்கும் எதுவும் வாங்கக்கூடாது. அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் அது சட்டவிரோதம்.

பணத்தைவிட முக்கியமாகத் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். பலர் கேட்பதில்லை. நாய்க்குட்டிகளைக் கொல்லக்கூடிய குடல் நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கழுவிய தரையில் ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் சாகும், மண்ணில் அது பலிக்காது. ஒரு குட்டிக்கு வந்துவிட்டால் அந்த இடத்தைப் பல மாதங்களுக்கு வேறு குட்டிகளுக்குத் தர முடியாது.

அடுத்த கட்டணப் பட்டியலை அச்சிடுமுன் நாய்க் கட்டணத்துக்கு எதிரே ஒரு வரி சேருங்கள்: இந்தப் பணத்தில் என்ன செய்கிறோம் என்று.

இப்படிக்கு,
நாயோடு முகாமிடுவோர்