படத்தின் பின்புறத்தைக் கழித்துப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் குழித்துறை, திருவட்டாறு பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பெண் உருவப்படங்களையெல்லாம் 'ராணி படம்' என்றும் 'ரவிவர்மா வரைந்தது' என்றும் சொல்லிவிடும் வழக்கம் குறித்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு படம் உண்டு. என் தாயாரின் பாட்டனார், தாம் கணக்கெழுதிவந்த வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது வாங்கியது. கசவு நேரியது (சரிகைக் கரை போட்ட மேலாடை), காதில் பெரிய தோடை, இடப்பக்கம் சாய்த்துக் கட்டிய கொண்டை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அச்சுப்புள்ளிகள் தெரியவில்லை. தோடையின் விளிம்பில் சாயம் திரண்டு நிற்கிறது. எனவே 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படம் அன்று, கையால் தீட்டியதே. அதற்காக ரவிவர்மாவே தீட்டினார் என்று ஆகிவிடாது. அவருக்கு முன்பே மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு, திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளின் அரண்மனையில் ஓவியராக இருந்தார். ரவிவர்மாவின் தம்பி ராஜராஜ வர்மாவும் தங்கை மங்களா பாயும் ஓவியர்களே.

ராணி என்பதும் அவ்வாறே. அரசுரிமை மருமக்கள் வழியில், அதாவது உடன்பிறந்தாளின் மகனுக்குச் சென்ற திருவிதாங்கூரில் அரசரின் உடன்பிறந்தாளும் அவள் வழிப் பெண்களுமே ராணிகள். அரசரின் மனைவி அம்மச்சி எனப்பட்டார். அருமனை, வடசேரி, திருவட்டாறு, நாகர்கோவில் என, அம்மச்சிகளின் குடும்பங்களான அம்மவீடுகள் நான்கும் நம் ஊர்ப்பெயர்களையே கொண்டவை என்பதால், இங்கு கிடைக்கும் படத்தில் இருப்பவர் ஓர் அம்மச்சியாகவோ, அவ்வீட்டுப் பெண்ணாகவோ, வசதியுள்ள வேறு குடும்பத்தவராகவோ இருக்கக்கூடும்.

இதைத் தீர்க்கும் சான்று எங்கள் படத்தின் பின்பலகையில் இருந்திருக்கலாம். மலையாளத்தில் இரண்டு வரி எழுதிய காகிதச் சீட்டு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. மை மங்கியிருந்ததால் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். சட்டம் மாற்றக் கொடுத்த கடையில் சீட்டோடு பலகையைக் கழித்துப் போட்டுவிட்டு, புதிய பிளைவுட் அடித்துத் தந்தார்கள். மறுநாள் குப்பையில் தேடியும் கிடைக்கவில்லை. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

1956இல் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும், இங்குள்ள திருவிதாங்கூர் அரசர்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்துவருகிறது. ஆகவே இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் சேர்ந்து, வீடுகளில் உள்ள இத்தகைய படங்களை முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டுகிறேன். அதுவரை, வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்கள் ஆணியைப் பிடுங்குமுன் அதன் பின்புறத்தைக் கைப்பேசியிலாவது படமெடுத்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குழித்துறை