உன் ரயரைப் படம் எடுத்து அனுப்பு

கிளிநொச்சி,
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். கனடாவில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னா. பெரியவன் ஏ.எல். பரீட்சை எழுதப் போகிறான். சின்னவள் வாய் உன்னுடைய வாய்தான். வீட்டுப் புதினம் அவ்வளவுதான்.

உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது 2022 இல், டீசல் வரிசையில் இரண்டாம் நாள் நின்றபோது. அதற்குப் பிறகு எழுத்தென்று வட்ஸ்அப்பில் பெருவிரலும் கும்பிட்ட கையும்தான் போய்வந்தன. அது கடிதம் ஆகாது. குற்றம் என்னில்தான். மன்னிப்பைக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் போன வெள்ளியிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

வெள்ளி பின்னேரம் மாமியைக் கூட்டிவர முள்ளியவளைக்குப் போனேன். திரும்பும்போது என் வான் வண்டிக்குள் சின்னன் பெரிசாக ஒன்பது பேர். வட்டுவாகல் பாலத்தில் தண்ணி இன்னும் ஏறவில்லை. புதுக்குடியிருப்பு வரை தூறல்தான். உடையார்கட்டைத் தாண்டியதும் பிடித்தது பார், வானம் பொத்துக்கொண்ட மாதிரி. வைப்பர் போகுது, வருது, ஆனால் தண்ணியைத் துடைக்காமல் கண்ணாடி முழுக்கப் பூசிவிடுது. ஒன்பது பேரின் மூச்சில் உள்பக்கமும் ஆவி படிந்து புகார் கட்டிவிட்டது. மாமி தன் முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தந்தா. எதிரே ஒரு பஸ் வந்து வெளிச்சத்தை அடித்துவிட்டுப் போன பிறகு இரண்டு விநாடி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

தெரிந்தபோது மாடுகள். நடு வீதியில் ஒரு பட்டியே படுத்திருக்கிறது. காலபோகம் விதைத்துவிட்டால் மாட்டுக்கு வயலில் இடமில்லை, காட்டுக்கரை எல்லாம் ஈரம். தார் றோட்டில்தான் கொஞ்சம் சூடு இருக்கும், வந்து படுத்துவிடும். எனக்குத் தெரியாத விஷயமா இது? பிறேக்கை மிதித்தேன். வான் நிற்கவில்லை மச்சான், வழுக்கிக்கொண்டே போனது. போதாததற்கு வலப்பக்கம் இழுத்துக் கோட்டைத் தாண்டி மற்றப் பக்கத்தில் போய்க் குறுக்காக நின்றது. ஒரு நாம்பன் எழும்பி, கொம்பால் பம்பரை உரசிக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது. அந்த நேரம் எதிரே ஒன்றும் வரவில்லை. அந்த பஸ் அரை நிமிடம் பிந்தி வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ஒருவருக்கும் காயமில்லை. வானுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சின்னவள் மட்டும் கேட்டாள், "அப்பா, மாட்டுக்கு ஒன்றும் இல்லையே?" என்று.

அடுத்த நாள் விடிய வானைப் பூவரசுக்குக் கீழே விட்டு, ஒன்றும் விடாமல் பார்த்தேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. புது ஒயில், புது பில்டர், பெல்ட் எல்லாம் நல்லம். அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

மல்லாவியில் கறளண்ணையின் கொட்டிலில் நாங்கள் படித்தது முழுக்க எஞ்சின்தானே. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு, அந்த ஏ போர்ட்டி கார் ஒருமுறை இருமியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அது ஓடினால் ஊரே கை தட்டும். பெற்றோல் கிடைக்காத அந்த நாளில் வைப்பரை யார் பார்த்தது? எஞ்சின் ஓடினாலே பெரிய காரியம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எஞ்சின் சத்தத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்தாலும் என் காது பிடித்துவிடும். கண்ணாடியும் ரயரும் சத்தம் போடாது. அதால் நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பிழைக்கிற வான் இது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். டொல்பின் வான் விலை எங்கேயோ போய்விட்டது, இதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று தெரிந்தும் இப்படி விட்டிருக்கிறேன்.

சரி, என்ன என்ன கண்டேன் என்று சொல்கிறேன். வைப்பர் றப்பர் வெயிலில் காய்ந்து வெடித்து, ஓரம் பல்லுப் பல்லாக இருந்தது. கண்ணாடியில் டீசல் புகையும் தூசியும் சேர்ந்து ஒரு எண்ணெய்ப் படை. அதைக் கழுவாமல் புது வைப்பர் போட்டாலும் பிரயோசனம் இல்லை. ஏசியில் காஸ் முடிந்து இரண்டு வருஷம். மழைக்குள் யாருக்கு ஏசி என்று விட்டிருந்தேன். ஆனால் உள்ளே கட்டுகிற புகாரை எடுப்பதே அந்த ஏசிதான், அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துவிடும். குளிருக்குள்ளும் அதைப் போட வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரத் திறந்துவிட வேண்டும். அங்கே நீயும் உள்காற்றையே சுற்றவிட்டு ஓடுகிற ஆளாக இருப்பாய், கவனி.

கண்ணாடிக்குக் கீழே, பொனற்றின் ஓரத்தில், தண்ணி வடிகிற பீலி ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு விரல் கனத்துக்குப் பூவரசஞ் சருகு மக்கிப் போய், மேலே ஒரு தேரை குடியிருக்கிறது. துவாரம் எங்கே என்றே தெரியவில்லை. ஈர்க்கு ஒன்றை முறித்து விட்டுக் கிண்டினேன். முதலில் கறுத்தச் சேறு சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு மடை திறந்த மாதிரி ஒரு வாளித் தண்ணி காலடியில் கொட்டியது. அவ்வளவும் பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற தண்ணி. போன மாரியில் லைற் காரணமில்லாமல் மங்கி மங்கி எரிந்ததற்கு இப்போதுதான் காரணம் விளங்கியது.

பிறேக் ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான். புதிதாக 205 பாகையில் கொதிக்கிற டொட் 3 வகை ஒயில், தண்ணி சேரச் சேர 140 இல் கொதிக்கத் தொடங்கிவிடும். அதோடு குடித்த தண்ணி உள்ளே கறளும் பிடிக்க வைக்கும். இடது பின் சில்லின் சிலிண்டர் அப்படித்தான் இறுகிப்போய் நின்றது. ஒரு பக்கம் பிடிக்க, மற்றப் பக்கம் பிடிக்கவில்லை. வலப்பக்கம் இழுத்தது அதனால். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஒயிலை நான் எப்போது மாற்றினேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

ஆனால் வான் வழுக்கியது பிறேக்கால் இல்லை, ரயரால். இதைத்தான் உனக்கு எழுத வந்தேன்.

முன் ரயர் இரண்டும் போன வருஷம் வாங்கியவை. றோட்டில் பதிகிற பூ நல்ல ஆழம். பார்த்தால் பளபள என்று புதுசு. வாங்கிய கடையை இங்கே எழுதவில்லை, நேரில் சொல்கிறேன். பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்குகிற எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு முட்டைக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருஷம். என்னுடையதில் 1413. 2013 ஆம் ஆண்டின் பதினாலாவது கிழமை! நான் வாங்கும்போதே அதற்குப் பத்து வயது தாண்டிவிட்டது, மேலே கறுப்புப் பூசி விற்றிருக்கிறார்கள். பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நகம்தான் வளைந்தது. பூ இருந்தென்ன, றப்பர் கல்லு மாதிரி இறுகியிருந்தால் ஈர றோட்டை எப்படிப் பிடிக்கும்?

அப்போதுதான் நீ போன கிழமை போனில் சொன்னது திரும்ப ஞாபகம் வந்தது. "ஓல் சீசன் ரயர்தானே போட்டிருக்கிறேன், இந்த வருஷமும் சமாளிக்கலாம், ஒன்ராறியோவில் சட்டமும் இல்லை." அந்த நேரம் நானும் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு விட்டேன்.

மச்சான், இங்கே றப்பரை வயது இறுக்கியது. அங்கே குளிர் இறுக்கும். நீ போன புதிதில் எழுதியிருந்தாய், அம்மா தந்துவிட்ட தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிட்டது, கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தேன் என்று. அது ஊரில் தண்ணியாக ஓடுகிற எண்ணெய்தானே? றப்பரும் அப்படித்தான். 7 பாகைக்குக் கீழே போனால் ஓல் சீசன் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் றப்பர் கலவை வேறு, அது குளிரிலும் மெத்தென்று இருக்கும். பனி கொட்டினால்தான் அது தேவை என்று நினைக்காதே. பனியே இல்லாத காய்ந்த றோட்டிலும் குளிர் குளிர்தான். கியூபெக் மாகாணத்தில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை கட்டாயம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். உங்கள் பக்கம் சட்டம் இல்லாவிட்டாலும், 2016 இலிருந்து வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ்காரர் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதே, அதை எடுத்தாயா?

நீ ஓட்டுகிற காரென்றால் இவ்வளவு எழுதமாட்டேன். உனக்கு மல்லாவிச் சேற்றில் லான்ட்மாஸ்டர் உழவு மெசினை இறக்கி ஏற்றிய கை இருக்கிறது. ஆனால் விடிய ஐந்து மணிக்கு, இருட்டுக்குள், 401 நெடுஞ்சாலையில் அந்தக் காரை வேலைக்குக் கொண்டு போவது தங்கச்சி. வெள்ளி இரவு எனக்குத் தெரியாமல் போன அந்த இரண்டு விநாடியை நான் அவளுக்கு வைத்துப் பார்க்கிறேன். அதுதான் நித்திரை வருகுதில்லை.

ரயரோடு மற்றதையும் பார். பற்றரி எத்தனை வருஷம்? ஆறு என்று சொன்ன மாதிரி ஞாபகம். கடுங்குளிரில் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும், எஞ்சினோ கட்டி ஒயிலுக்குள் சுற்ற இரண்டு மடங்கு கேட்கும். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு நீ டைனமோ சுற்றி நான் றேடியோவில் தமிழோசை கேட்ட காலம் இல்லை இது. பனிக்குள் விடியப்புறம் அவள் யாரைச் சுற்றச் சொல்வாள்? எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. வெறும் தண்ணி ஊற்றிக் குறைத்திருந்தாயானால் உடனே மாற்று. கண்ணாடி கழுவுகிற தண்ணியும் குளிருக்கென்று விற்கிறதாக இருக்கட்டும். ரயரில் காற்று, ஐந்தாறு பாகை குறைய ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும், கோடையில் அடித்த காற்று இப்போது காணாது. ஸ்பெயர் ரயரைக் கடைசியாக எப்போது தொட்டாய்? நான் என்னுடையதை இறக்கப் போனேன், சங்கிலி கறள் பிடித்து இறங்கவே இல்லை, மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வைத்தேன். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பீலியையும் மறக்காதே. உங்கள் மேப்பிள் சருகு எங்கள் பூவரசஞ் சருகைவிடப் பெரிசு.

இங்கே மாரி இனித்தான் இருக்கிறது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவு உனக்கு நான் போன் எடுத்து, "குளம் நிரம்பி வான் பாயுது" என்று கத்த, நீ அங்கேயிருந்து "எந்த வான்?" என்று கேட்டாயே. முப்பது வருஷமாக அதே கேள்வி. அந்த வெள்ளத்தில்தான் மாஸ்டரின் கார் மதவடியில் நின்றது. நின்றதோடு விட்டிருந்தால் தப்பியிருக்கும். அவர் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணினார். உள்ளே போன தண்ணியை பிஸ்ரனால் அமுக்க முடியுமா, கொனெக்ரிங் றொட் வளைந்து எஞ்சினே போனது. மனிசன் இன்னும் அதைச் சொல்லிக் கவலைப்படுகிறார். இந்த முறை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன், தண்ணிக்குள் நின்றால் சாவியைத் தொடாமல் இறங்கி வரச் சொல்லி. தண்ணி கடந்து வந்தால் பிறேக்கை மெதுவாக நாலு தரம் மிதித்துக் காயவிடச் சொல்லியும்.

என் வானுக்கு வைப்பர், பிறேக் ஒயில், சிலிண்டர் முடிந்தது. ஏசிக்கு நாளைக்குக் காஸ். ரயர் இரண்டுக்கும் கிழமை பார்த்து, வருஷம் பார்த்து, கடைக்காரன் முகம் சுளிக்கச் சுளிக்கத் தெரிந்தெடுத்தேன். சீட்டுக் காசு போய்விட்டது, மனிசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் வெள்ளி இரவு வானுக்குள் இருந்தவள்தானே.

நீ செய்ய வேண்டியது ஒன்று. கார்த்திகை பிறக்க முன்னம் ரயர் மாற்று. மாற்றினேன் என்று வாயால் சொன்னால் நான் நம்பமாட்டேன், உன்னைத் தெரியும். வின்ரர் ரயரின் பக்கத்தில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்ட சின்ன அடையாளம் இருக்கும். அதையும் அந்த நாலு இலக்கத்தையும் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு. நாலு சில்லையும். தங்கச்சியிடமும் தனியாகக் கேட்பேன்.

அம்மா ஒடியல் மாவும் முறிகண்டிக் கச்சானும் பொதி கட்டி வைத்திருக்கிறா, மாமியின் மகன் தை மாதம் வரும்போது கொண்டு வருவான். விடிய ஆறு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். திரும்பவும் தூறுது, வானின் கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.

அன்புடன்,
உன் நெட்டையன்