பால்கடை வீட்டுப் பாட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது, "வேல்ஸ்காரப் பாட்டி வேல்ஸ்காரப் பாட்டின்னு சொல்றியே, அவங்களும் இங்கிலீஷ்காரங்கதானே?" என்று கேட்டாய். அதற்குள் மாடு கத்துகிறது என்று போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இல்லை அம்மா, அவர்கள் வேறு. இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கிறது வேல்ஸ். அவர்களுக்குத் தனி மொழி உண்டு, இங்கிலீஷுக்கும் அதற்கும் கொஞ்சமும் ஒட்டாது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் அந்த மொழி பேசுகிறவர்கள் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர்தான். நம் திருநெல்வேலி டவுனும் பாளையங்கோட்டையும் சேர்ந்தால் வருகிற கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளேன். நான் மாடியில் குடியிருக்கிற வீட்டுக்காரப் பாட்டி பிறந்தது லண்டனில், வளர்ந்தது லண்டனில், ஆனால் வீட்டுக்குள் அவருக்கு இன்றைக்கும் அந்த மொழிதான். என்னிடம் "மாம்கீ என்று கூப்பிடு" என்றார். தென்வேல்ஸில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அவர் யார் வீட்டுப் பெண் தெரியுமா? பால்காரர் வீட்டுப் பெண். அதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி எனக்கு உன் ஞாபகமாகவே இருந்தது.

வேல்ஸின் மேற்குக் கரையில் கார்டிகன்ஷயர் என்று ஒரு சீமை. கல்லும் மேடுமான பூமி, மழைக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். அந்தக் காலத்தில் அங்கிருந்து மாட்டு மந்தைகளை லண்டன் சந்தைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடத்தியே கொண்டுவருவார்கள். மாட்டுக்கு லாடம் அடிப்பது நமக்குத் தெரிந்ததுதான், அவர்கள் வாத்துக்குக்கூடக் காலைத் தாரில் முக்கி மணலில் நடக்கவிட்டு, அது காய்ந்ததும் கூட்டிவருவார்களாம்! வயசுப் பெண்கள் கூட்டமாக நடந்தே வந்து லண்டன் தோட்டங்களில் களை பறித்துக் கூலி வாங்கிப் போயிருக்கிறார்கள். அப்புறம் பால். தோளில் காவடி மாதிரி ஒரு கட்டை, அதன் இரண்டு பக்கமும் பால் வாளி, அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்ற பெண்களில் வேல்ஸ்காரிகள் நிறையப் பேர். கடைக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு மாடு வைத்துக் கறந்தார்கள், இதே லண்டன் நடுவில். 1865இல் மாட்டுக்குக் கோமாரி மாதிரி பெரிய நோய் ஒன்று வந்து கொட்டகை கொட்டகையாகக் காலி செய்துவிட்டது, அதற்குப் பிறகு பால் பெருமளவில் ரயிலில் வர ஆரம்பித்தது. கறப்பது போனாலும் கடையை அவர்கள் விடவில்லை. மாம்கீயின் அப்பா அம்மா கடை வைத்தபோது இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் வேல்ஸ்காரர் பால்கடைகள் இருந்தன.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவாராம். அம்மா கடையைத் திறந்து, எடுத்துவைத்து, கணக்கு எழுதி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ராத்திரி வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாராம். "அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும்தான்" என்று மாம்கீ சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நீ சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து நின்றபடியே காப்பி குடிப்பாயே, அது கண்ணுக்குள் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு எல்லாம். கிங்ஸ் கிராஸ், பார்பிகன், ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் பக்கம் என்று ஊர் முழுக்க வேல்ஸ் மொழிக் கோயில்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், நர்ஸுகள், பால்கடைக்காரர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். எத்தனையோ கல்யாணம் அங்கேதான் பேசி முடித்திருக்கிறார்கள். சாயங்கால ஆராதனை முடிந்தும் பிரிய மனசில்லாமல் இளசுகள் ஹைட் பார்க் மூலையில் நின்று பாட்டு பாடுவார்களாம். பார்பிகன் பக்கத்து ஜூயின் கோயில் 1774இலேயே ஆரம்பித்த சபை. 1940இல் குண்டு விழுந்து கட்டடம் போய்விட்டது, 1960இல் திரும்பக் கட்டினார்கள். கிங்ஸ் கிராஸ் கோயிலை 2006இல் மூடிவிட்டார்கள், வர ஆள் இல்லை. இப்போது அங்கே எத்தியோப்பியாக்காரர்கள் அவர்கள் மொழியில் ஜெபம் செய்கிறார்கள். மாம்கீயோடு அந்த வழியாக நடந்தபோது வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. "பாட்டு நிற்கவில்லை, அது போதும்" என்றார். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை அம்மா, வருத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 1 அவர்களுடைய புனிதர் டேவிட் திருநாள். என்னையும் கிரேஸ் இன் ரோட்டில் இருக்கிற லண்டன் வேல்ஸ் மன்றத்துக்குக் கூட்டிப்போனார். 1930இல் திறந்த கட்டடம். சட்டையில் எல்லோரும் மஞ்சள் டாஃபோடில் பூ குத்தியிருந்தார்கள். சும்மா பேசிக்கொண்டிருந்த கூட்டம், யாரோ ஒருவர் ஒரு வரி எடுத்ததும் நாலு குரலாகப் பிரிந்து பாட ஆரம்பித்துவிட்டது. புத்தகம் இல்லை, நடத்துகிறவர் இல்லை. எனக்கு ஒரு வார்த்தை புரியாமல் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சாப்பாடு பற்றிக் கேட்பாய். கவுல் என்று ஒரு குழம்பு, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் காரட்டும், வெங்காயத் தாள் மாதிரி தடியாக இருக்கிற லீக்கும் போட்டு மெதுவாக வேகவைப்பது. நம் மீன்குழம்பு மாதிரி மறுநாள்தான் ருசி. பாரா பிரித் என்று ஒரு ரொட்டி, உலர்ந்த திராட்சையை ராத்திரி முழுக்க டீயில் ஊறப்போட்டுச் செய்வது. எனக்கு ரொம்பப் பிடித்தது கல்லில் சுடுகிற சின்னக் கேக். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, திராட்சை, துளி ஜாதிக்காய். சப்பாத்தி மாதிரி உருட்டி, ஆனால் கனமாக விட்டு, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, இரும்புக் கல்லில் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் சுட வேண்டும். அந்தக் கல் அவர் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது. கறுத்து, நடுவில் வழுவழு என்று, அச்சாக நம் வீட்டுத் தோசைக்கல்! சோப்பு போடக் கூடாது என்று நீ திட்டுவாயே, முதல் நாளே அவரும் அதே திட்டு திட்டினார். போன சனிக்கிழமை அதிலேயே அவருக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன், முதல் தோசையே ஒட்டாமல் வந்தது.

பதிலுக்கு அவருக்கு ழ சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் மொழியிலும் ஒரு எழுத்து உண்டு, நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துப் பக்கவாட்டில் காற்றை விட வேண்டும். அது எனக்கு இன்னும் வரவில்லை. அவருக்குப் பழம் வந்துவிட்டது.

நான் இங்கே தனியாக இருக்கிறேன் என்று ராத்திரி தூங்காமல் கிடக்காதே. கீழே அடுப்படியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டே வைத்திருக்கிறார்.

செவலை கன்று போட்டதைச் சொன்னதிலிருந்து மாம்கீ கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது, சொசைட்டியில் இப்போது என்ன விலை போடுகிறார்கள் என்று மறக்காமல் எழுது. சீம்பால் காய்ச்சினாயா என்றும் கேட்கச் சொன்னார்.

உன்
சின்னவள்