கியர் பாக்ஸை இப்போது இறக்காதே, மாப்ளே

மண்டபம்
ஜூன் 3

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை நாலு தடவை கேட்டுவிட்டேன். பதிலையும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் இது நீ வண்டிக்குப் பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர் சேதி. போன ஞாயிறு பாம்பனுக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தெம்பாக இருக்கிறார். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும்போது ஜன்னலோரப் பிள்ளைகளுக்குக் கையாட்ட நேரம் இருந்தது, 2025இல் திறந்த புதுப் பாலத்தில் சர்ரென்று போய்விடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். நீ எப்போது வருவாய் என்று மூன்று முறை கேட்டார். நான் தீபாவளிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஜூன் 14 ராத்திரியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகெல்லாம் கரையில் ஏறி நிற்கின்றன, பெயின்ட்டும் மராமத்தும் நடக்கின்றன, எனக்கு மூச்சு விட நேரமில்லை. கச்சான் காற்று எழும்பித் தென்கடல் கொந்தளிக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம்.

சரி, வண்டிக்கு வருகிறேன். அந்தக் கராஜில் ஓட்டிப் பார்த்த அரை மணி நேரத்தில் ‘கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்கி முழுசாகப் பண்ண வேண்டும்’ என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. சில நாள் கியர் விழும்போது முதுகில் உதைத்த மாதிரி இருக்கிறது, டிராஃபிக்கில் நின்று கிளம்பினால் மந்தமாக நகர்கிறது. இதெல்லாம் சேர்ந்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் நீ கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். ஓரமாக நிறுத்தி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் உதையும் மந்தமும் போய்விடுகிறது, சில சமயம் அன்று முழுக்கச் சரியாக ஓடுகிறது என்று. எனக்கு அதுதான் மாப்ளே முக்கியம். தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டுக்கு நீ சாவியைத் திருப்பியது தெரியாது. அது தெரிவது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.

உன்னுடையது ஆட்டோமேட்டிக் வண்டி, அதில் கியரை மாற்றுவது ஆயில் பிரஷர். அந்த ஆயிலுக்கு வழி திறந்து அடைப்பது சொலினாய்டுகள், அதாவது கரண்ட்டில் வேலை செய்யும் சின்ன வால்வுகள். அவற்றுக்குக் கரண்ட் கொடுப்பது கம்ப்யூட்டர். ஏதாவது சிக்னல் தப்பாக வந்தால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகச் சொலினாய்டுகளுக்குக் கரண்ட்டை நிறுத்திவிடும். நாலு கியர் பெட்டிகள் பலவற்றில் அப்போது மூன்றாம் கியர் மட்டுமே நிற்கும். கிளம்புவதே மூன்றில் என்றால் மந்தமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? கரண்ட் இல்லாதபோது ஆயில் பிரஷரும் உச்சத்துக்குப் போய்விடும், கிளட்ச் நழுவிக் கருகிவிடக் கூடாது என்று அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நீ D போடும்போது விழுகிற உதை அதுதான் என்பது என் எண்ணம்.

ஆகவே ஸ்பேனரை எடுக்குமுன் கியர் பாக்ஸ் ஆயிலைப் பார். இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கு. சமமான தரையில் நிறுத்து, இன்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு கியரிலும் இரண்டு விநாடி வைத்து Pக்குக் கொண்டுவா. பிறகு ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடு. அளவு குறைந்திருந்தால் காலை நேர ரிவர்ஸ் தாமதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அளவு சரியாக இருந்தும் தாமதம் தொடர்ந்தால் உள்ளே ரப்பர் சீல்கள் விறைத்திருக்கும் என்று சந்தேகப்படலாம். கூடுதலாகவும் ஊற்றாதே, நுரை கட்டினால் பிரஷர் நிற்காது. கம்பியிலோ வண்டிப் புத்தகத்திலோ என்ன ரகம் போட்டிருக்கிறதோ அதை மட்டும் வாங்கு.

கம்பி நுனியில் இருக்கும் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுப் பத்து நிமிஷம் வை. சிவப்பு வட்டம் ஒரே சீராகப் பரவினால் நல்லது. வெளிப்பக்கம் வெளுத்து நடுவில் கறுப்பாகத் தங்கினால், முகர்ந்து பார்க்கும்போது தீய்ந்த வாடை வந்தால், கிளட்ச் கருகத் தொடங்கிவிட்டது. ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் மாதிரி வெளிறியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடு. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஸ்கேனர், கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு நம்பர்களைப் படித்துக் காட்டும் கருவி. அமெரிக்காவில் 1996 முதல் இந்த ரக வண்டிகளுக்கெல்லாம் அதைச் செருகும் சாக்கெட் கட்டாயம். உன்னுடையது 2003 மாடல், அதிலும் இருக்கலாம், ஸ்டீயரிங்குக்குக் கீழே கை விட்டுப் பார். பி0700 என்று மட்டும் வந்தால் ‘கியர் பக்கம் ஏதோ கோளாறு’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, கூட வேறென்ன இருக்கிறது என்று கேள். பி0750 வரிசை என்றால் சொலினாய்டும் அதன் ஒயரும். பி0730 என்றால் கியர் நழுவுவதைக் கம்ப்யூட்டரே பார்த்திருக்கிறது. இந்த நம்பர்களை அழிக்குமுன் படம் பிடித்துக்கொள்.

இப்போது எர்த் ஒயர், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி. அது கெட்டாலும் கம்ப்யூட்டருக்குச் சிக்னல் தப்பாகப் போகும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2009இல் நாம் மஸ்கட்டில் இருந்தபோது அந்த வெள்ளை பிக்கப் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இதே பாடுதான். நாலு நாள் பாக்ஸை இறக்கி, எல்லா பிளேட்டும் மாற்றி ஏற்றினோம். பத்து நாளில் அதே உதையோடு திரும்பி வந்தது. கடைசியில் இன்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவே இருக்கிற எர்த் ஒயரின் ரப்பரைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடி கொட்டியது. அந்த டிரைவர் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்திருந்தார். ஒன்றும் பேசாமல் அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. முதல் நாளே மீட்டரை வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

நீ ஓமானில் சூர் ஊரில் கடலோரம் வண்டியை நிறுத்துகிறாய். உப்புக்காற்று என்ன செய்யும் என்று இங்கே தினமும் பார்க்கிறேன். நேற்றுக்கூட வடகடல் படகு ஒன்றில் ஸ்டார்ட்டர் திரும்பவில்லை என்று கூப்பிட்டார்கள். மோட்டார் புதுசு, பேட்டரி புதுசு, ஒயர் முனையில் இருக்கும் லக்குக்கு அடியில் மட்டும் பூஞ்சை மாதிரி பச்சை. சுரண்டி இறுக்கினேன், ஒரே அடியில் எடுத்தது.

நீ செய்ய வேண்டியது இதுதான். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி எல்லாம் போடு. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலேயே வை, மறு முனையைக் கியர் பாக்ஸ் உடம்பில் சுரண்டி வை. 0.1, 0.2 வோல்ட் என்றால் பரவாயில்லை. அரை வோல்ட் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்று. பாக்ஸுக்குப் போகிற பெரிய பிளக்கையும் பிரித்துப் பார், ஆயில் ஊறியோ பச்சை பிடித்தோ இருக்கும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதிர்கிறது என்றாயே, அதே வேகத்தில் பிரேக்கை இடது காலால் லேசாகத் தொடு. இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கிற டார்க் கன்வெர்ட்டரில் லாக்கப் என்ற பிடி இருக்கிறது, அது விடுபட்டு அதிர்வு நின்றால் அந்தப் பக்கம் சந்தேகம். ஸ்பார்க் பிளக் பழசானாலும் இதே மாதிரிதான் தெரியும், அதையும் பார்த்துவிடு.

இவ்வளவும் நன்றாக இருந்தும் மூன்றாம் கியரில் உறுமினால், பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல். பிரஷர் குறைவு என்றால் ஃபில்டர், பம்ப், பிரஷர் சொலினாய்டு. பிரஷர் சரியாக இருந்தும் நழுவினால் பிளேட் தேய்ந்தது உண்மை, அப்போது இறக்கட்டும், நானே சம்மதிக்கிறேன். ஆயில் தொட்டியைக் கழற்றும்போது நீ கூட நில். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் சகஜம், கையில் நறநறவென்று துகள் தட்டுப்பட்டால்தான் கவலை. மெஷின் வைத்து பிரஷரில் கழுவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். பழைய பாக்ஸில் அழுக்கு கிளம்பி வால்வில் மாட்டும்.

அதுவரை ஏசி அவுட்டோர் யூனிட்டுகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறாதே. கூலிக்கு ஒரு வண்டி பிடித்துக்கொள், பிளேட்டை விட அது மலிவு. விற்றுவிடலாமா என்று கேட்டதற்கு இன்று பதில் சொல்ல மாட்டேன். அந்த வண்டியில்தான் நீ தங்கச்சியை முதல் முதலில் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தாய்.

டிஷ்யூ பேப்பரையும், எர்த் ஒயரைக் கழற்றினால் அதன் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பார்க்கிறேன்.

உன் மச்சான்