இறங்கிய பின்னும் கால்கள் ஓயக் கூடாது

உறுப்பினர்களுக்கு வணக்கம். வால் சக்கர விமானம், அதாவது முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலடியில் ஒரு சிறு சக்கரமும் உள்ள விமானம் ஓட்டுபவர்கள் இதை முழுவதும் படியுங்கள்.

பைப்பர் கப் போன்ற விமானங்களில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையைத் தொடும்போது மூக்கு சற்றே விலகியிருந்தாலும் பின்பாரம் முன்னால் வரத் துடிக்கும். விலகல் தானாகப் பெருகும். பிடிக்கத் தவறினால் விமானம் சுழன்று, வெளிப்பக்க இறக்கை தரையில் இடித்துவிடும். வேகம் குறையக் குறைய, மூக்கைத் திருப்ப உதவும் வால் சுக்கானில் படும் காற்றும் குறைகிறது. அதனால்தான், இறங்கிவிட்டோம் என்று நாம் பெருமூச்சு விடும் அந்தச் சில நொடிகளைக் கண்டு நான் இன்றும் அஞ்சுகிறேன்.

பார்வை ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். சுக்கானை இயக்கும் மிதிகளைச் சிறிதாக, உடனுக்குடன் மிதியுங்கள். ஓங்கி மிதித்தால் மறுபக்கம் இழுத்துவிடும். காற்று வரும் பக்கம் கட்டுப்பாட்டுக் கோலைச் சாய்த்து, வேகம் குறையும்போது இன்னும் சாய்த்து, விமானம் நிற்கும்வரை விடாதீர்கள். தொடும் முன்பே மூக்கு நேராக நிற்கவில்லையா? மேலே எழும்பிவிடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் 1991 முதல் இவ்வகை விமானத்துக்குப் பயிற்றுநரின் தனி ஒப்புதல் தேவை. அது இல்லாதவர்கள் தயவுசெய்து தனியாக எடுத்துச் செல்ல வேண்டாம்.