எங்களைக் கேட்காமல் எங்கள் மணலைத் தொடாதீர்கள்

ஒன்றிய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவின் கடலோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றிலிருந்து, அதன் சுற்றுச்சூழல் குழுவின் வணக்கம்.

2025 செப்டம்பர் 8 அன்று நீங்கள் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையைப் பற்றி எழுதுகிறோம். அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது அது. அன்று மாதாவின் பிறந்தநாள், எங்கள் மக்களுக்குப் பெருநாள். விழா முடிந்த பிறகுதான் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஞாயிறு திருப்பலி முடிந்தும் பலர் வீட்டுக்குப் போகாமல் கோயில் முற்றத்திலேயே நின்றார்கள். மீன் விற்கும் ஓர் அம்மா கேட்டார்: "அப்போ நம்மள்ட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களோ?" எங்கள் மடல் முழுக்க அந்தக் கேள்விதான்.

பின்னணி உங்கள் கோப்புகளில் இருக்கிறது. கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமம் கலந்த மணலை எடுக்கும் திட்டம். அதற்கான கருத்துக்கேட்பு 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தது என்றால் இன்னொரு நாள் நடத்துவார்கள் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்காகத் தயாரானோம். கல்லூரிப் பிள்ளைகள் திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய ஆங்கில அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்து, பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் தமிழில் விளக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்கூட என்ன கேட்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தார்கள். கேள்விகள் தயாரான நேரத்தில் கேட்கும் இடத்தையே எடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

எங்கள் கோயிலில் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது. புற்றுநோயாளிகளுக்கு. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களின் பஸ் செலவு, தங்கும் செலவு, கூடப் போகிறவர் இழக்கும் கூலி எல்லாம் இதிலிருந்துதான். விடியும் முன்பே புறப்பட வேண்டும். வீட்டில் ஆண்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண் தன் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டுத் துணைக்குப் போவார். கீமோ முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் வாந்தி வரும் என்று பிளாஸ்டிக் கவர் எடுத்துப் போகத் தெரியாத வீடு எங்கள் தெருவில் குறைவு. ஒருவருக்குச் சிகிச்சை முடிவதற்குள் அடுத்த தெருவில் இன்னொரு பெயர் வந்துவிடுகிறது. பங்குத்தந்தை மன்றாட்டில் பெயர்களை வாசிக்கும்போது குழந்தைகள்கூட நோயின் பெயரைப் புரிந்துகொள்கிறார்கள்.

இதெல்லாம் மணலால்தான் வந்தது என்று நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை. எங்கள் மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, எங்கள் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், இவ்வளவும் அறிவியல் சொன்னது. எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது 1909-இலேயே கண்டறியப்பட்டது. தேங்காய் நாரில் ஒட்டிப்போன மணலை வைத்து ஒரு ஜெர்மானியர் கண்டுபிடித்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்துக்குத் தெரிந்த மணல் இது. கேரளத்தில் இதே வகை மணல் உள்ள கருநாகப்பள்ளியில் 1990 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்து ஆராய்ந்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே நோய் கூடவில்லை என்றே முடிவு வந்தது. எங்கள் கரையையும் அப்படி வருடக்கணக்கில் ஆராய்ந்து, முடிவைத் தமிழில் எங்கள் கையில் கொடுங்கள். நல்ல முடிவு வந்தால் முதலில் மகிழ்வது நாங்கள்தான். மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்றும் சொல்லப்படுகிறது. சரி, அதை எங்கள் முன்னால் வந்து சொல்லுங்கள். எங்களைக் குறுக்குக் கேள்வி கேட்க விடுங்கள். கருத்துக்கேட்பு என்பதே அதற்குத்தானே?

நாட்டின் பாதுகாப்புக்கு இந்தக் கனிமம் தேவை என்கிறீர்கள். நாட்டின் மீது எங்களுக்கும் அக்கறை உண்டு. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் கிடந்த எங்கள் ஆண்களைத் தேட இந்த நாடு எவ்வளவு தாமதமாக வந்தது என்பது எங்களுக்கு மறக்காது. தேடச் சொல்லிக் கேட்பதற்கே டிசம்பர் 7 அன்று குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முற்றத்தில் உண்ணாவிரதம் இருந்த மக்கள்மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். உயிரைத் தேடச் சொன்னாலும், உலையைப் பற்றிக் கேட்டாலும், மணலைப் பற்றிக் கேட்டாலும், கடற்கரை மக்கள் வாய் திறந்தாலே யாரோ தூண்டிவிட்டார்கள் என்ற பேச்சு வந்துவிடுகிறது. மனு கொடுக்கப் போன இடத்தில் ஓர் அதிகாரி, "கோயில்காரங்க கோயில் வேலையைப் பாருங்க" என்றார். நோயாளிக்குப் பஸ் செலவு கொடுப்பது கோயில் வேலை என்றால், அந்த நோய் ஏன் வருகிறது என்று கேட்பதும் கோயில் வேலைதான். இந்தக் கேள்வி ஒரு மதத்தின் கேள்வியும் அல்ல. எங்கள் மனுவில் கையெழுத்திட்ட இந்து, இஸ்லாமிய அண்ணன்மார்களும் அக்காமார்களும் குடிப்பது இதே நிலத்தின் கிணற்றுத் தண்ணீரை.

கோபம் எழுத்தில் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேண்டுகோளுக்கு வருகிறோம்.

அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். தமிழக முதலமைச்சரும் இதையே கேட்டுப் பிரதமருக்கு எழுதினார். 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, எங்கள் தாலுகாவிலேயே கருத்துக்கேட்பை நடத்துங்கள். சுருக்கத்தை மட்டும் தமிழில் தந்தால் போதாது, முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். தேதி குறிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தூத்தூர் பக்கத்து எங்கள் ஆட்கள் மீன்பிடிக்கப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் வைத்தால் எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.

கருத்துக்கேட்பு நடக்கும்வரை இந்தத் திட்டத்துக்கு எந்த அனுமதியும் வழங்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். வரும் பதிலைத் திருப்பலி முடிந்ததும் ஊர் மக்கள் முன் வாசிப்போம்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் குழுவினர்,
கிள்ளியூர் தாலுகா கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து