அந்த 6 இன்ச் துளை பற்றியும், புதிய கட்டணம் பற்றியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், சமையலறைச் சிம்னியைப் பார்ப்பதற்கு முன்பே போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். கே.கே. நகரில் ஓர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய அது இப்போது உறையூர், ஸ்ரீரங்கம் வரை போய்விட்டது. "பில்டர் விட்ட 4 இன்ச் துளை இருக்கும்போதே, 6 இன்ச் பைப் விற்பதற்காகச் சுவரைக் குடைகிறார்கள்" என்பது அதன் சாரம்.

கட்டணத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இதற்குப் பதில் சொல்லாமல் அதற்குப் போக மனம் வரவில்லை.

நாங்கள் விற்கும் சிம்னிகளில் புகை வெளியேறும் வாய் 6 இன்ச், அதாவது 150 மில்லிமீட்டர். அதை 4 இன்ச்சாகக் குறுக்கினால் மூன்றில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு அப்படிக் குறையாது. 6 இன்ச் குழாயின் வாய் சுமார் 28 சதுர இன்ச். 4 இன்ச் குழாயின் வாய் பன்னிரண்டரைதான். பாதிகூட இல்லை. மோட்டார் என்ன செய்யும்? போக வழியில்லாத காற்றை முட்டி முட்டித் தள்ளும். சத்தம் ஏறும், புகை கூடத்துக்கு வரும், குழாய்க்குள் படிந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக அடுப்பிலேயே விழும். அப்போது திட்டு வாங்குவது பில்டரா, நாங்களா? பெட்டியில் காற்றை இழுக்கும் திறன் மணிக்கு 1,200 கன மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். உங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்துவிட்டுப் போட்ட எண் அல்ல அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 6 இன்ச் பைப்பில் எங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. துளை போடும் கோர் கட்டிங் மெஷின் வாடகைக்கு வருவது, அந்தப் பணம் அப்படியே மெஷின்காரருக்குப் போகிறது. 4 இன்ச்சில், குழாயைக் குறுக்கும் ஒரு ரெடியூசரை மாட்டிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்புவதுதான் எங்களுக்குச் சுலபம். சுலபமானதைச் செய்யாததற்குத்தான் இந்தப் பெயர். (பீமில் மட்டும் யார் சொன்னாலும் துளை போட மாட்டோம். அங்கே குழாயை வேறு பக்கம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.)

சுற்றிப் போவதிலும் கணக்கு இருக்கிறது. குழாயைத் திருப்ப ஓர் எல்போ வைத்தால் பல அடி நேர்க்குழாய் கூடின மாதிரி தடை. அதனால்தான் "பரண் வழியாகக் கொண்டுபோய் பால்கனியில் விடுங்கள்" என்று கேட்கும்போது முகம் சுளிக்கிறோம். அலுமினிய ஃபிளெக்சிபிள் குழாயை முழுக்க இழுத்து, மிச்சத்தை வெட்டுவதும் இதற்காகவே. "வெட்டாதீங்க தம்பி, பின்னாடி உதவும்" என்று அதைச் சுருட்டி உள்ளேயே விடச் சொன்ன அம்மா ஒருவர் உண்டு. அந்த மடிப்பு ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், அப்புறம் கரப்பான் குடியேறும். புகையை ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிடச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அதை நான் விவரிக்க வேண்டாம்.

திருச்சியில் ஆடிக் காற்றைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குழாயின் வெளிமுனையில் மூடி மாதிரி மாட்டும் கௌல் கவரும், காற்று திரும்பாமல் மூடும் ஃபிளாப்பும் இல்லையென்றால், நீங்கள் தாளிக்கிற மிளகாய் நெடி தெருவுக்குப் போகாமல் உங்களிடமே திரும்பி வரும். அதையும் "தேவையில்லாத சாமான்" என்று அந்தப் பதிவில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பதிவு கிளம்பிய கே.கே. நகர் வீட்டில் நாங்கள் போட்ட துளை வெளிப்பக்கம் சரிவதற்குப் பதில் லேசாக உள்பக்கம் சரிந்து, மழைத் தண்ணீர் கொஞ்சம் வந்தது உண்மை. போய்ச் சரிசெய்துவிட்டோம்.

சரி, கட்டணம். 11 வருடம் எங்களோடு இருந்த மூத்த ஃபிட்டர் சித்திரையில் கத்தாருக்குப் போய்விட்டார். அங்கே ஏசி டக்ட் வேலை. அவருக்கு நல்ல காலம், எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. புதிதாக வந்த இரண்டு பையன்களும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர் ஒருவரே ஒரு நாளில் மூன்று வீட்டை முடிப்பார், இவர்கள் இருவர் சேர்ந்து இரண்டுதான் முடிக்கிறார்கள். அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று கே.கே. நகரில் பார்த்துவிட்டேன். அலுமினியக் குழாய், கிளாம்ப், டேப் எல்லாமே விலை ஏறியிருக்கின்றன. எனவே வரும் 1ஆம் தேதி முதல் பொருத்தும் கட்டணம் 1,200 ரூபாயிலிருந்து 1,700 ரூபாய். குழாயும் கோர் கட்டிங்கும் முன்பு போலவே தனி. முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

விலை கேட்டுவிட்டு வேறு இடம் போகாமல், மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் எங்களையே அனுப்பிவைப்பவர்கள் நீங்கள். குரல் பதிவு வந்த அன்றே, "அண்ணே, எங்க வீட்டில் ஆறு வருடமாக நன்றாகத்தான் இழுக்கிறது" என்று அந்தக் குழுவிலேயே பதில் போட்டவரை எனக்கு நேரில் தெரியாது. யாராக இருந்தாலும் ஒருநாள் கடைக்கு வாருங்கள், ஒரு காபி சாப்பிடலாம்.

புதிதாகப் பொருத்தச் சொல்பவர்கள், அடுப்புச் சுவரை உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று என இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே துளை இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிம்னி கடைக்காரன்
தில்லை நகர், திருச்சி